எஞ்சின் சித்தரும் எலுமிச்சை ரத்தமும்

செவ்வாய்க்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் வண்டி நிறுத்த ஓர் இடம் கிடைத்தால் அது அற்புதம். அந்த ஓர் அற்புதத்தை மட்டும் எஞ்சின் சித்தரால் செய்து காட்ட முடியவில்லை. அதனால் அவரைத் தேடி வந்த வண்டிகள் இரண்டு வரிசையாகச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. அதிகாரி ஒருவர் ஒவ்வொரு கண்ணாடியிலும் சமன் சீட்டைச் செருகிக்கொண்டே போனார். அபராதம் விழுந்தவர்கள் வருத்தப்படவில்லை. வண்டியின் தோஷம் பாதி அதிலேயே கழிந்துவிடும் என்று சித்தரின் சீடர் சொல்லியிருந்தார்.

சித்தர் பழைய வண்டிகளுக்கு மட்டுமே குறி சொல்பவர். காரோ லோரியோ, யாரோ ஓட்டிய வண்டியை வாங்குவதற்கு முன் அவரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவர் மாடியிலிருந்து இறங்கி வருவார். பானட்டின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கத்தியால் அறுப்பார். சாறு சாறாகவே வந்தால் வண்டி சுத்தம். சிவப்பாக ரத்தம் கசிந்தால் அது உயிர் குடித்த வண்டி, தொடக்கூடாது. பானட்டைத் திறந்து மட்டும் பார்க்க மாட்டார். திறந்தால் சக்தி வெளியே போய்விடுமாம். எஞ்சின் சித்தர் ஓர் எஞ்சினைப் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

சித்தராவதற்கு முன் அவர் பெயர் இராமலிங்கம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒரு தொல்லை இருந்தது. குழாய்த் தண்ணீரில் அழுக்கு இருப்பதை வாங்குகிறவர் கண்ணுக்குக் காட்ட வேண்டும். ஆவியில் அந்தத் தொல்லை இல்லை.

உஷாராணிக்குச் சித்தரிடம் ஒரு வேலையும் இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஒரு போர்வீல் வண்டி. ஜெஞ்சாரோம் தோட்டங்களில் வாழை இலை வாங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுவந்து போடுவது அவள் தொழில். மழை பெய்தால் தோட்டப் பாதை குழம்பாகிவிடும். அவளுடைய வேன் பாதி வழியில் புதைந்து நிற்கும். இலை வராத மத்தியானத்தில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் போனில் என்ன பேசுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. இரண்டு கடைகள் ஏற்கெனவே வேறு ஆளிடம் போய்விட்டன. இன்னும் ஒரு மழைக்காலத்தை அந்த வேன் தாங்காது. அவள் தொழிலும் தாங்காது.

தேடித் தேடி, செமினியில் சின்னையா என்ற ஓய்வுபெற்ற பெரியவரிடம் ஒரு பச்சை பிக்கப்பைக் கண்டுபிடித்தாள். வெளியே எல்லாப் பக்கமும் நெளிசல். உஷாராணி பாயை விரித்து அதன் அடியில் படுத்தாள். டார்ச் அடித்து, ஸ்குரூடிரைவரால் அடிச்சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். இரும்பு இரும்பாகவே ஒலித்தது. இரவெல்லாம் நின்று குளிர்ந்திருந்த எஞ்சினைக் கிளப்பிப் புகையின் நிறம் பார்த்தாள். ஈர மேட்டில் ஏற்றிப் பார்த்தாள். வண்டி அழகாக இல்லை. ஆனால் பொய் சொல்லவில்லை.

"எல்லாம் சரிதான்," என்றான் அவள் கணவன் ஜீவன். "சித்தர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வாங்கிடலாமே."

ஜீவனின் அண்ணன் பழைய கார் ஒன்றை வாங்கி, காராக் மலைப்பாதையில் அதோடு போய்ச் சேர்ந்தவர். அதன் பிறகு ஜீவன் எந்தப் பழைய வண்டியில் ஏறினாலும் கதவுப் பிடியை விடுவதில்லை. உஷாராணி உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேலி செய்வாள். அந்தக் கையை மட்டும் கேலி செய்ய மாட்டாள். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பச்சை பிக்கப்பில் அவனோடு போனாள்.

சித்தர் வண்டியைப் பார்க்கவில்லை. ஜீவனைப் பார்த்தார்.

"யாரு விக்கிறா?"

"செமினில ஒரு பெரியவரு சாமி."

"கடை வண்டி இல்லையே?"

"இல்ல சாமி."

சித்தர் கையை நீட்டினார். சீடர் மரப்பிடி போட்ட கத்தியை வைத்தார். பழம் அறுபட்டது. சிவப்பு கசிந்து பச்சைப் பானட்டில் ஒழுகியது. கூட்டம் "முருகா!" என்றது.

"ஒரு பொம்பளை," என்றார் சித்தர், கண்ணைத் திறக்காமல். "புள்ளத்தாச்சி. பின் சீட்ல உக்காந்திருக்கா. அங்கேயே செத்திருக்கா."

"சாமி, இது ஒத்தை வரிசை பிக்கப்," என்றாள் உஷாராணி. "இதுல பின் சீட்டே இல்ல."

சித்தர் சற்று யோசித்தார்.

"அதனாலதாம்மா செத்தா."

கூட்டம் இதையும் ஏற்றுக்கொண்டது. சித்தர் ஜீவன் பக்கம் திரும்பி அருள் கூர்ந்தார். மேற்கே, கடல் பக்கம், கிள்ளானில் ஒரு வெள்ளை வண்டி இவர்களுக்காகவே காத்திருக்கிறதாம். கடைக்காரன் பெயர் 'லோ' என்று ஆரம்பிக்குமாம். ஞானக்கண்ணில் பெயரின் முதல் எழுத்து மட்டுமே தெரிந்தது. போன் நம்பர் முழுதாகத் தெரிந்தது.

'லோ' என்பது லோகன். கிள்ளானில் பழைய வண்டிக் கடை வைத்திருந்தான். வெள்ளை வண்டி கல்யாண மாப்பிள்ளை போல் பளபளத்தது. உள்ளே மல்லிகை வாசம், மூச்சு முட்டுகிற அளவுக்கு. இவ்வளவு வாசனை எதற்கு என்று உஷாராணிக்குத் தோன்றியது. சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தாள். யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழம், காய்ந்த சேற்று நிறத்தில் வந்தது. தரை விரிப்பைத் தூக்கினாள். அடியில் வண்டல். சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் துரு.

"அண்ணே, இது வெள்ளத்துல முங்கின வண்டி."

"ஐயோ அக்கா, அது தூசி லா. பழைய வண்டின்னா கொஞ்சம் தூசி இருக்காதா?" என்றான் லோகன். "என்னை நம்ப வேணாம். சாமிகிட்டயே கேட்டுருவோம்."

அவனே வண்டியை ஓட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தான். சித்தர் கையை நீட்டினார். இந்த முறை சீடர் வைத்தது பித்தளைப் பிடி போட்ட கத்தி. பழம் தங்கம் போல் அறுபட்டது. ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

"கங்கையில குளிச்ச வண்டி!" என்றார் சித்தர்.

குளித்தது உண்மை. கங்கையில் இல்லை, அவ்வளவுதான்.

ஜீவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில், கட்டுப்போட்ட கையைக் கழுத்துத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டபடி நின்ற ஒருவர் அவன் தோளைத் தட்டினார். "பயப்படாம வாங்குங்க தம்பி. நான்கூட லோகன்கிட்டதான் வாங்கினேன். பழம் இதே மாதிரி சுத்தமா வந்துச்சு."

"கைக்கு என்ன ஆச்சுண்ணே?" என்று உஷாராணி கேட்டாள்.

அவர் பெயர் சபாபதி. பந்திங் சாலையில் போகும்போது அவர் வண்டியின் ஸ்டியரிங் கழன்று கையோடு வந்துவிட்டதாம். வண்டி கால்வாயில் இறங்கியதாம். "சாமி பழம் மட்டும் இல்லேன்னா ரெண்டு கையும் போயிருக்கும்," என்றார் பக்தியோடு. அடுத்த வண்டிக்குக் குறி கேட்க வந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் உஷாராணி சண்டை போடவில்லை. ஜீவனுக்கு அதுவே பயமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "நேத்து மரக் கத்தி, இன்னைக்குப் பித்தளைக் கத்தி. ஏன்?"

"அது... சாமிக்குத் தெரியும்."

"சரி, கத்திய விடுங்க. ஒரே வண்டிய ரெண்டு வாட்டி காட்டினா, பழம் ரெண்டு வாட்டியும் ஒரே பதில்தானே சொல்லணும்?"

"ஆமா. அதெப்படி மாறும்?"

"அப்ப இன்னொருவாட்டி காட்டுவோம். சுத்தம்னு வந்தா நானே கையெழுத்துப் போடறேன். அப்புறம் வாயத் திறக்க மாட்டேன்."

அவர்களுடைய இல்வாழ்க்கையில் இரண்டாவது வாக்குறுதிதான் பெரியது. ஜீவன் ஒத்துக்கொண்டான்.

லோகன் வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சந்தோஷமாகக் கொடுத்தான். சாமியே சம்மதித்த பிறகு ஆசாமிக்கு என்ன பயம்? உஷாராணி அதை ஜெஞ்சாரோம் தோட்டப் பாதையில் ஓட விட்டாள். வெளியே வந்தபோது வெள்ளை என்பது எங்கேயும் தெரியவில்லை. நம்பர் பலகை, கதவில் ஒட்டியிருந்த கடைப் பெயர், எல்லாம் சேற்றுக்குள் போயிருந்தன. ஓட்டுவதற்கு மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் இர்ஃபானைக் கூப்பிட்டாள். சித்தருக்கு அவர் முகம் புதிது. மதம் ஒரு பிரச்சினை இல்லை. காணிக்கை விஷயத்தில் சித்தர் எல்லா மதத்தையும் சமமாகவே நடத்தினார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் இன்னும் அதிகம். ஜீவன் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உஷாராணியோடு பின்னால் நின்றான். கையில் ஒரு வாளித் தண்ணீர்.

"யாரு விக்கிறா?"

"காஜாங்ல ஒரு ஆளு சாமி. தெரிஞ்சவரு," என்றார் இர்ஃபான்.

"கடை வண்டி இல்லையே?"

"இல்ல சாமி."

மரக் கத்தி வந்தது. ரத்தமும் வந்தது.

"ஒரு பொம்பளை. புள்ளத்தாச்சி. பின் சீட்ல உக்காந்திருக்கா..."

இந்த முறை வண்டியில் பின் சீட் இருந்தது. அந்த அளவுக்கு முன்னேற்றம்.

ஜீவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். வாளித் தண்ணீரைக் கதவின் மேல் வீசினான். சேறு வழிந்து இறங்க, வெள்ளை தெரிந்தது. வெள்ளையின் மேல் லோகன் கடையின் பெயர் தெரிந்தது.

"சாமி, முந்தாநாள் இதே வண்டியத்தான் கங்கையில குளிச்சதுன்னு சொன்னீங்க." அவன் கை கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டது. "எங்கண்ணன் இப்படி ஒரு வண்டியிலதான் செத்தான். நான் உங்களை நம்பி என் பொண்டாட்டிய இதுல ஏத்தி அனுப்பப் பார்த்தேன்."

சித்தர் அசரவில்லை. "வர்ற வழியில சுடுகாட்டைத் தாண்டி வந்திருப்பீங்க. ஒட்டிக்கிச்சு."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒட்டிக்கொள்ளக்கூடியதுதானே என்றார் ஒருவர்.

உஷாராணி சீடரின் தட்டிலிருந்து மரக் கத்தியை எடுத்தாள். கையோடு நாலு பழமும் எடுத்தாள். நேரே போய்ச் சித்தரின் சொந்தக் காரின் மேல் ஒரு பழத்தை வைத்து அறுத்தாள். ரத்தம்.

"சாமி, உங்க வண்டியில யாரு? அதே பொம்பளையா?"

சமன் எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் மோட்டார் சைக்கிளில் வைத்து அறுத்தாள். ரத்தம். அதிகாரி சீட்டுக் கட்டை மூடிப் பையில் வைத்தார். கச்சான் பூத்தே கடலை விற்பவரின் தள்ளுவண்டியில் வைத்து அறுத்தாள். லேசான ரோஜா நிறம். அந்த வண்டிக்கு எஞ்சினே கிடையாது. நாலாவது பழத்தைச் சபாபதி நீட்டிய உள்ளங்கைக்கு மேல் பிடித்து அறுத்தாள். வெறும் சாறு. ஆவி களைத்துப் போயிருந்தது.

சீடரின் தட்டில், துணிக்கு அடியில், நாளைய தேவைக்காக இன்னொரு மரக் கத்தி இருந்தது. அதை ஈரக் காகிதத்தால் துடைத்தாள். காகிதம் ஊதாவானது. அதன் மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள். ஊதா ரத்தச் சிவப்பானது. தட்டின் ஓரத்தில் இருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள்: உள்ளே கசக்கிப் போட்ட செம்பருத்திப் பூக்கள். நாட்டின் தேசிய மலரை இவ்வளவு பேருக்கு அருகில் கொண்டுபோய்க் காட்டிய குடிமகன் வேறு யாரும் இருக்க முடியாது.

"பூச்சாறுண்ணே," என்றாள் சபாபதியிடம். "புளிப்பு பட்டா சிவக்கும். கடை வண்டின்னா பூ தடவாத கத்தி. வெளி வண்டின்னா இது. பயந்து ஓடுறவங்க எல்லாம் லோகன்கிட்ட போவாங்க."

சபாபதி தன் தொட்டில் கையைப் பார்த்தார். "அப்ப என் கை?" என்றார்.

பதில் சொல்ல வேண்டிய சித்தர் பின்படிக்கட்டு வழியாக முக்தி அடைந்துகொண்டிருந்தார். சமன் அதிகாரி போனில் வரவழைத்த போலீஸ்காரர்கள் சந்து முனையில் அவரைப் பிடித்தபோது அவர் ஏறி உட்கார்ந்திருந்த டாக்ஸி கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சித்தருக்கு எஞ்சினில் என்ன கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை. லோகன் அன்று மாலையே கடைப் பலகையைக் கழற்றினான். மறுநாள் அவனையும் விசாரிக்கக் கூப்பிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததா என்று கேட்கிறீர்களா? ஓர் அம்மா உஷாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டார்: "கத்தி பொய்தான், சரி. பழம் உண்மைதானே?" இன்னொருவர் ரவாங்கில் தேங்காய் உருட்டிக் குறி சொல்பவரின் விலாசத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவன் செமினிக்குப் போனான். பாயை விரித்து, பச்சை பிக்கப்பின் அடியில் தானே படுத்தான். ஸ்குரூடிரைவரால் ஓரம் முதல் ஓரம் வரை தட்டினான். உஷாராணி அவசரப்படுத்தவில்லை. வெளியே வந்தபோது நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது. "இரும்பு நல்லாருக்கு," என்றான். தான் அறிந்த ஒன்றைச் சொல்கிறவனின் குரலில் சொன்னான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களே, அதன் அடியில் குனிந்து பாருங்கள். சாமியார் காலில் விழக் குனிகிறீர்களே, அதே குனிவுதான். முதுகு கூடுதலாக ஒன்றும் வலிக்காது.