இருபத்திரண்டு வீட்டுச் சாவியக்கா

இருபத்திரண்டு வீட்டுக்கு ஒரே இல்லத்தரசி என்று உலகத்தில் யாராவது இருந்தால் அது எங்கள் சாவியக்காதான். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சிக்குப் பக்கத்தில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். நகர் என்று போர்டு வைத்திருந்தார்களே தவிர, இருந்தது ஒரே தெரு. ஒரே ஆள் கட்டிய, ஒரே அச்சு வீடுகள். குடியிருந்தவர்கள் எல்லாரும் மலைமேல் பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ வேலை பார்த்தவர்கள். காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் இறங்குவோம். ரொம்ப அமைதியான இடம் என்று சொல்லித்தான் மதுரையிலிருந்து வந்த எனக்கு வீட்டை வாடகைக்கு விட்டார்கள். அந்த அமைதி இருக்கிற நேரத்தில் நாங்கள் யாருமே அங்கே இருக்க மாட்டோம்.

பகலில் இருந்த ஒரே ஆள் சாவியக்கா. மலைமேல் திருப்புலி நாட்டில் பிறந்து, பிக்கப் வண்டி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கியவர். வீட்டுக்காரர் பலாப்பழமும் மிளகும் ஏற்ற விடியுமுன்னே கிளம்பிவிடுவார். பிள்ளைகள் ஹாஸ்டலில். அதனால் தெருவே அக்காவுக்கு வீடாகிவிட்டது. சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க, மோட்டாரை நிறுத்த, மழை வந்தால் துணி எடுக்க என்று ஆளுக்கொரு சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுவார்கள்.

அக்கா அதோடு நிற்பாரா? குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் குறைந்தால் போட்டுவிடுவார். சோபா அவர் கண்ணுக்கு இடைஞ்சலாகப் பட்டால் நகர்த்திவிடுவார். ஒரு டீச்சர் வீட்டில் மூன்றே மாதத்தில் ஹால் முழுக்கக் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் பஸ் வந்து நின்றதும், அன்றைய நிலவரத்தை நிறுத்தத்திலேயே நின்று அறிவிப்பார்.

"ஏனுங் டீச்சர், உங்க ஊட்டு மோரு புளிச்சுப்போச்சுங்க. வீணாப் போவுதேன்னு நானே குடிச்சுட்டனுங்க."

"சர்வேயர் சார், பனியன் நாலும் ஓட்டைங்க. இனிமே அதைய வெளிய காயப்போடாதீங்க, நாலு பேரு நடமாடற எடம்."

சர்வேயர்தான் எங்கள் நகர் சங்கத் தலைவர். பஸ்ஸே சிரித்தது, டிரைவர் உட்பட.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் என் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். "ஊரே குடுத்திருக்கு, நாமளும் குடுத்தா என்ன?" என்றாள் என் மனைவி. "ஊர் பனியன் கதை வேற, என் பனியன் கதை வேற" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் பஸ் பாதி மலை ஏறியபோது எனக்கு வியர்த்தது. இரண்டாவது காபிக்காக அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! வழி முழுக்க சிக்னல் இல்லை. மேலே போய் இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன். கதவை உடைச்சாவது..."

"பாலை அப்பவே எறக்கி வெச்சுட்டனுங்க சார். சட்டிதானுங்க தீஞ்சுபோச்சு."

"உள்ள எப்படிக்கா போனீங்க? சாவி என் பையில இருக்கு!"

"கம்முனு வேலையப் பாருங்க சார். சாயங்காலம் சொல்றனுங்க."

சாயங்காலம் என்னை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னார். வீடு கட்டியவர் பூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டிருக்கிறார். இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே சாவி! வந்த முதல் மாதமே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அப்புறம் எதுக்குக்கா இத்தனை சாவியும் கொத்தா மாட்டிக்கிட்டுத் திரியறீங்க?"

"ஒரே சாவின்னு தெரிஞ்சா ஒருத்தருக்காச்சும் தூக்கம் வருமுங்களா சார்? நீங்க சாவி குடுக்கலீங்க, அதனால உங்க ஊட்டுக்குள்ள நான் கால் வெச்சதே இல்லீங்க. இன்னைக்குத் தீஞ்ச வாசம் தாங்காமத்தான் வந்தனுங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க சாமி."

சத்தியம் செய்தேன். செய்துவிட்டு நேராகப் போய் என் மனைவியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் முதல் கொண்டை ஊசி வளைவில் அவள் பக்கத்து சீட் நர்சிடம் சொன்னாள். எழுபது வளைவு இருக்கிற மலையில் ஒரு ரகசியத்துக்கு இருபது வளைவே ஜாஸ்தி. மேலே போய்ச் சேர்வதற்குள் கண்டக்டர் என்னிடம் வந்து, "அது எந்தக் கடைப் பூட்டுங்க?" என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலம் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். படித்த, பொறுப்பான அரசு ஊழியர்கள் டிபன் பையைக்கூட இறக்கி வைக்காமல் அடுத்தவர் வீட்டுப் பூட்டில் சாவியை விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். "தொறக்குது! தொறக்குது!" என்று ஒரே ஆரவாரம். சர்வேயர் வரிசையாக எட்டு வீட்டைத் திறந்தார். ஒன்பதாவது வீட்டில், லீவில் இருந்த கம்பவுண்டர் ஈரத் துண்டோடு வந்து திட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

அப்புறம் கோபம் மொத்தமும் அக்கா பக்கம் திரும்பியது.

"மூணு வருசமாத் தெரிஞ்சும் மறைச்சுருக்கீங்களே!" என்றார் சர்வேயர்.

"ஒரு ஸ்பூனாச்சும் காணாமப் போயிருக்குதுங்களா?"

"அது வேறைங்க, சட்டம் வேறைங்க."

அக்கா உள்ளே போய், எல்லாச் சாவியையும் ஒரு முறத்தில் கொட்டிக்கொண்டு வந்து நடுத்தெருவில் வைத்தார். "எடுத்துக்குங்க. யாரு எதைய எடுத்தாலும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லார் வீட்டிலும் ஆளுக்கொரு கடையில் வாங்கிய புதுப் பூட்டு ஏறியது. அடுத்த வாரம் எங்கள் நகர் வரலாற்றிலேயே பாதுகாப்பான வாரம். சிலிண்டர் வண்டி வந்து திரும்பிப் போயிற்று. கொடித் துணியெல்லாம் மூன்று நாள் மழையில் நனைந்தது. சாயங்காலம் பஸ் வந்து நின்றால் நிறுத்தத்தில் யாரும் இல்லை. எங்கள் வீட்டு மோர் என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளில்லாமல், இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் மாதிரி இறங்கி நடந்தோம். ரொம்ப அமைதியான இடம் என்றார்களே, அந்த அமைதியை அப்போதுதான் பார்த்தோம். எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை அக்காவின் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கெழம மலைக்குக் கொண்டுபோய் உடச் சொல்றாளுங்க சார், அவங்கம்மா ஊட்டுக்கு. இங்க எனக்கென்ன வேலை இருக்குதுங்கறா."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிக்கப்பில் அக்காவின் பை ஏறியிருந்தது. எனக்கு முன்னே அங்கே வரிசை நின்றது. முதல் ஆளாக சர்வேயர்!

"நீங்க போறதுன்னாப் போங்க, நான் தடுக்கலீங்க" என்று தொண்டையைச் செருமினார். "மோட்டாரைப் போட்டுட்டு வந்துட்டனுங்க. அதைய மட்டும் நிறுத்திட்டுப் போயிருங்க."

அக்கா அவர் வீட்டு மாடியை எட்டிப் பார்த்தார். தொட்டி வழிந்துகொண்டிருந்தது. சர்வேயர் வீடு எதிரிலேயேதான் இருக்கிறது, அவரே போய் நிறுத்துவதற்கு அரை நிமிஷம் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. அக்கா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு சாவியாக வந்து விழுந்தது. என் முறை வந்தபோது என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களுமுங்களா மதுரை சார்?"

"நானுந்தான்க்கா. என்னை மன்னிச்சிருங்க."

"இப்ப ஒருத்தரு சாவி இன்னொருத்தருக்குச் சேராதுங்களே?"

"சேராதுக்கா."

"அப்ப எல்லாத்துலயும் பேரு எழுதோணுமுங்க. இத்தன நாளு ஒண்ணுலகூட எழுதுனதில்லீங்க" என்றவர், வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, பார்த்துக்கிட்டே நிக்கறீங்க? பையை எறக்குங்க!"

அன்று பஸ்ஸில் பெரிய கும்மாளம். நான் மட்டும் யோசித்துக்கொண்டே வந்தேன். பால் இறக்கியாயிற்று, விளக்கு அணைத்தாயிற்று, குழாய் மூடியாயிற்று. வீட்டில் அக்காவுக்கென்று நான் ஒன்றுமே விட்டு வைக்கவில்லை. அதை நினைக்க வருத்தமாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஹால் ஃபேனை ஓடவிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.