கடிகாரத்தைக் கழற்றிய கோவா மாமா

கேசினோ நடத்தி ஒரு பைசாகூடச் சம்பாதிக்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் அபிராமபுரத்தில் எங்கள் மனமகிழ் மன்றத்தின் சீட்டு அறையை நிர்வகிக்கும் கோவா மாமா. நிஜப் பெயர் மன்றத்தில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் அறையில் காசு வைத்து ஆடக் கூடாது. ரம்மியில் தோற்றவர் மேஜைக்குக் காபி வாங்கித் தர வேண்டும், சூதாட்டம் அவ்வளவுதான். நாலு மேஜை, மேஜைக்கு ஆறு பேர். ஒரு காலத்தில் நாற்காலிக்கு அடிதடி நடக்கும். பிறகு எல்லோரும் செல்போனிலேயே ரம்மி ஆடப் போய்விட, அறை காற்று வாங்கியது. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜரான எங்கள் செயலாளர் அதை ஜும்பா நடன வகுப்புக்கு விட்டுவிட முடிவுகட்டினார்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன். நாலு மேஜையும் ரொம்பியிருக்கணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துடுங்கோ" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு வீடு, வாசல், குலதெய்வம் எல்லாம் அந்த அறைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஆறு பேர் சேர்ந்தாத்தான் ஆட்டம் ஜமாய்க்கும் ஓய். ரெண்டே பேரை வெச்சுண்டு என்ன பண்றது?" என்றார்.

அந்த நேரம் பார்த்து மருமான் அவரைக் கோவாவுக்கு அழைத்துப் போனான். கூடப் போனவர்கள் கடலில் குளிக்க, மாமா மட்டும் கேசினோ கப்பலில் ஏறி, ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவர் பழைய மாமா இல்லை.

"அங்க ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. உள்ள போனவனுக்குப் பகலா ராத்திரியான்னே தெரியாது. எப்படி ஓய் எழுந்து போவான்?"

மறுநாளே ஜன்னல்களைச் சாத்தினார். கொசுக்கள் நிரந்தர உறுப்பினர்களாயின. கேசினோவில் ஓசியில் ஊற்றிக் கொடுப்பார்களாம், இங்கே பெருங்காய மோர் வந்தது. யாராவது எழுந்திருக்கிற மாதிரி நெளிந்தால் உடனே மூக்குக்கு நேராகப் போண்டாத் தட்டு வரும். ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர் முதுகுவலியில் சற்று நெளிந்ததற்கே இரண்டு போண்டா கிடைத்தது. அன்று முதல் அறை முழுக்க முதுகுவலி பரவியது. தோற்றவர்களுக்கும் மருந்து வைத்திருந்தார். "உங்க ஆட்டத்துல ஒரு குத்தமும் இல்லை. வந்த சீட்டுதான் மட்டம்" என்பார். ஜென்மத்தில் ஜெயிக்காத நானே அதை நம்பி மறுபடி உட்காருவேன்.

செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலில் ஒரு பூக்கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கூடைக்குக் காவல் வாட்ச்மேன் முனுசாமி. தினமும் மூன்று மணிக்கு மாமாவிடமிருந்து போன் வரும். "ஓய், ஒரு கை குறையுது. உடனே வாரும்." போனால் எண்ணி ஒரே ஒரு நாற்காலி காலியாக இருக்கும். வேறு எதில் அளந்தாலும் அதில் மட்டும் மாமா பொய் சொன்னதில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. கடைசி அஸ்திரமாக மாமா சுவர்க் கடிகாரத்தையும் கழற்றிவிட்டார். எங்கெங்கோ போன் போட்டு ஆள் சேர்ப்பதற்குள் நாலரை தாண்டிவிட்டது. அப்படியும் ஒரே ஒரு கை குறைய, தன் செல்போனையும் கூடையில் போட்டுவிட்டு வந்தார். அதைவிடப் பெரிய வில்லங்கம், வந்தவர்கள் யாரும் சீட்டைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அது முடியாமல் எங்கள் அறையில் யாரும் சீட்டுக்கட்டை வெட்ட மாட்டார்கள். முடிந்துவிட்டதா என்று பார்க்கத்தான் கடிகாரம் இல்லை. வாசலுக்குப் போய் விசாரிக்கலாம். ஆனால் அது போண்டா வரும் நேரம்.

அப்போது செயலாளர் உள்ளே வந்தார்.

"என்ன இது, இரங்கல் கூட்டமா? ஒரு நாற்காலி வேற காலியா இருக்கு. சாவியைக் குடுங்கோ" என்று கையை நீட்டினார்.

மாமா இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டார். முகம் வெளுத்திருந்தது. "குடுத்துடறேன். ஆனா ராகு காலத்துல வாங்கிண்டா ஜும்பா விளங்குமா?" என்றார்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. செயலாளர் மணிக்கட்டைப் பார்த்தார். அவருடைய கடிகாரமும் கூடைக்குப் போயிருந்தது. முனுசாமியோ டீ குடிக்கப் போனவர், பத்திரமாக இருக்கட்டும் என்று கூடையையும் கையோடு கொண்டுபோயிருந்தார்.

"அவன் வரட்டும், அதுவரைக்கும் உக்காருங்கோ" என்று காலி நாற்காலியை இழுத்துப் போட்டார் மாமா. செயலாளர் உட்கார்ந்தார். நாலு மேஜையும் நிரம்பியது.

முனுசாமி வந்து எட்டிப் பார்த்தார். "மணி ஆறே கால் ஆயிட்ச்சு. இன்னாத்துக்கு சார் எல்லாரும் இப்டி சும்மா குந்திகினு கீறீங்க?"

சீட்டுகள் பறந்தன. செயலாளர் கையில் இரண்டு ஜோக்கர் விழுந்தது. மூன்றாவது போண்டாவில் மாமா மெதுவாகச் சாவியை நீட்டினார். "தொந்தரவு பண்ணாதீங்கோ, சீட்டைப் போடச் சொல்லுங்கோ" என்றார் செயலாளர், தலையைத் தூக்காமல். ஜும்பா மொட்டை மாடிக்குப் போயிற்று.

போன வருஷம் என் மனைவி காலமானாள். எனக்கு வாசல்படி இறங்கவே பிடிக்கவில்லை. காரியங்கள் முடிந்து பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள், மூன்று மணிக்குப் போன் வந்தது. "ஓய், ஒரு கை குறையுது."

வேண்டாவெறுப்பாகப் போனேன். நாலு மேஜையிலும் ஆறாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து இரண்டு பேருக்கு நடுவில் செருகினார்.

"மாமா, ஆறு பேர் இருக்காளே?"

"அப்படியா? எண்ணறதுல தப்பிடுத்து போலருக்கு" என்று என்னைப் பார்க்காமலே மோரை நீட்டினார்.

மறுநாளும் தப்பியது. இன்றுவரை தினமும் தப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் சரியாக எண்ணிவிடப்போகிறாரே என்ற பயத்தில், மூன்று மணிக்கு முன்பே சட்டையைப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.