மூணு மணி பஸ் மசோதா

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் படிக்காமல் சட்டமே போட்டவள் நான்.

சித்தேரி மலைப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் எங்கள் ஊர் காரிமங்கலத்தில் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மூணு மணி பஸ்ஸை விட்டால் மறுநாள் காலைதான். பாடமோ சட்டமன்றம். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கூடிப் பேசி, வாக்களித்துச் சட்டம் இயற்றும் இடம் என்று விளக்கிவிட்டு, வகுப்பையே மன்றமாக்கி நான் சபாநாயகர் ஆனேன். சட்டம் வந்துவிட்டால் முதலமைச்சரும் கட்டுப்பட வேண்டும் என்று வேறு அடித்துச் சொன்னேன் (வாய் சும்மா இருந்ததா?).

முதல் பெஞ்சு மல்லிகா எழுந்து மசோதாவைப் படித்தாள். நான் கைப்பையில் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆம் என்போர்?"

"ஆம்!"

"இல்லை என்போர்?"

ஒரு சத்தமில்லை. "நிறைவேறியது!" என்று மேசையைத் தட்டினேன். யாரும் கைதட்டவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பனிமூட்டம் ஜன்னல்வரை வந்திருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள்.

"ஒரு டிக்கெட்," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"குடுக்க முடியாதுங்க டீச்சர்," என்றார் கண்டக்டர். "மூணு மணி பஸ்ஸுல நீங்க போவக் கூடாதுன்னு புள்ளைங்க சட்டம் போட்டுட்டாங்களாமே. நீங்களே மேசையத் தட்டுனீங்களாம்."

வெளியே பனிக்குள் பிள்ளைகள் பஸ்ஸைச் சுற்றி நின்றிருந்தார்கள். முகம் தெரியவில்லை. சட்டைகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"ஆளுநர் ஒப்புதல் இல்லாம மசோதா சட்டமாகாது!" என்று கத்தினேன்.

பின் சீட்டில் யாரோ இருமினார். ஊர்க்கவுண்டர், அந்த மலைக்கே நாட்டாமை. அவர் எப்போது ஏறினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"குடுத்தாச்சுங்கம்மா," என்றார்.

இறங்கினேன். பஸ் உடனே கிளம்பிப் பனிக்குள் மறைந்தது. மல்லிகா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன வருச டீச்சரும் இந்த பஸ்ஸுலதாங்க போனாங்க. அதுக்கு முன்னால இருந்த சாரும். திங்கக்கிழமை வர்றேன்னுதான் சொன்னாங்க, டீச்சர்."

பயம் போய் அழுகை வந்தது.

அங்கே காரிமங்கலத்தில், வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, காபி கொடுத்த என் தங்கையைப் பிடித்துப்போய் நிச்சயம் செய்துவிட்டார்கள்.

சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. நான் கேட்கவே இல்லை. இன்றும் அதே பள்ளிதான், ஊருக்குப் போகக் காலை பஸ்தான்; தங்கை வீட்டு விசேஷத்துக்குப் பந்தி முடிந்த பிறகே போய்ச் சேருகிறேன். "அண்ணிக்கு இன்னும் எலை போடாதீங்க, சபை முடியலையாம்!" என்று அவள் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவருக்கென்ன, என் சட்டத்தால் லாபமடைந்த முதல் ஆளே அவர்தான்.