கிணற்றுக்குள் செவ்வாய்

"கோதாரி விழுவாங்களே, எழும்புங்கோடா! என்ரை புகையிலைக் கண்டெல்லாம் சப்பளிஞ்சு போச்சு!"

உரும்பிராய் மார்க்கண்டர் மண்வெட்டியும் கையுமாக நின்று கத்தினார். காலையில் வானத்திலிருந்து அவருடைய தோட்டத்துக்குள் நெல் அவிக்கும் பாத்திரம் போல ஒரு பெரிய கிடாரம் வந்து விழுந்திருந்தது. அதற்குள்ளிருந்து முழங்கால் உயரத்தில், பச்சைப்பசேலென்று இரண்டு பேர் இறங்கினார்கள்.

"கோவியாதையுங்கோ, அண்ணை. நாங்கள் ஆகாயக் கள்ளர். கிரகம் களவெடுக்கிறதுதான் தொழில்," என்றான் மூத்தவன். எந்த ஊரில் இறங்கினாலும் அந்த ஊர்ப் பேச்சு உடனே வாயில் வந்துவிடுமாம். களவுத் தொழிலுக்கு அது பெரிய வசதிதானே!

மார்க்கண்டரின் மண்வெட்டி மெல்லத் தாழ்ந்தது. மகள் குணலட்சுமியின் சாதகத்தில் செவ்வாய் எட்டாம் வீட்டில் ஏறிக் குந்திக்கொண்டிருந்தது. வந்த மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் தோஷம் என்று படலை வாசலோடு திரும்பிவிட்டார்கள். மிஞ்சியது உடுப்பிட்டிச் சம்பந்தம் ஒன்றுதான். அந்தப் பெடியனைக் கோயிலில் கண்ட நாள் தொட்டுக் குணலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. தகப்பன் மனம் என்ன பாடுபடும்!

"தம்பிமார், கண்டு அழிஞ்ச நட்டத்துக்கு ஈடாய் அந்தச் செவ்வாயைத் தூக்கிவிடுங்கோ. இல்லாத செவ்வாய்க்கு ஏது தோஷம்?"

"உது சின்ன வேலை, அண்ணை."

மத்தியானச் சோற்றுக்கு முன்னே திரும்பி வந்தார்கள். செவ்வாய் பனங்காய் அளவுக்குச் சுருங்கிப் பனையோலைக் கடகத்துக்குள் கிடந்தது. கடகம் புகைந்தது.

மார்க்கண்டர் துள்ளிக்கொண்டு சாத்திரியாரிடம் ஓடினார். "சாத்திரியார், செவ்வாயே இல்லையெண்டு வையுங்கோ, அப்ப?"

"எட்டுக் கிரகத்தோடை சாதகமோ? ஆருக்கும் பொருத்தம் பாக்கேலாது. ஊரிலை ஒரு கலியாணமும் நடவாது!"

போன வேகத்திலேயே திரும்பி ஓடிவந்தார். "டேய், எடுத்த இடத்திலை கொண்டுபோய் வையுங்கோடா!"

"ஏலாது, அண்ணை. மேலை ஆகாயப் பொலிசு தேடுது."

வைக்கோற் போருக்குள் ஒளித்தார், போர் பற்றியது. நெல் மூட்டைக்குள் திணித்தார், நெல் பொரிந்தது. கடைசியில் கிணற்றுக்குள் போட்டார். உஸ்ஸென்று ஆவி கிளம்ப, தண்ணீர் குங்கும நிறத்தில் கொதித்தது.

அந்த நேரம் பார்த்துப் படலையில் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் உடுப்பிட்டி மாப்பிள்ளையின் தாய் தெய்வானைப்பிள்ளை.

"ஒரு முடிவு சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான். கால் கழுவிப்போட்டு வாறன்," என்று நேரே கிணற்றடிக்கு நடந்தார். கள்ளர் இருவரும் வாழைக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

"ஐயோ, அங்கை போகாதையுங்கோ!"

தெய்வானைப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டார். "உதென்ன?"

மார்க்கண்டர் தலையில் கை வைத்தார். எல்லாம் போச்சு! "செவ்வாய்," என்று அழாக்குறையாகச் சொன்னார்.

"பெம்பிளையின்ரை எட்டாம் வீட்டிலை நிண்ட செவ்வாயோ?"

"ஓம்."

தெய்வானைப்பிள்ளை ஒரு வாளி அள்ளி, விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இப்ப பெம்பிளையின்ரை சொந்த வீட்டிலையெல்லோ நிக்குது! சொந்த வீட்டுச் செவ்வாய்க்குத் தோஷமில்லையெண்டு சாத்திரமே சொல்லுது, சம்பந்தி!"

சம்பந்தி! மார்க்கண்டருக்குக் கண் கலங்கியது. உள்ளே குணலட்சுமி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சீதனத்திலை வீடும் வளவும் பேசினது பேசினதுதான்," என்று தெய்வானைப்பிள்ளை தொடர்ந்தார். "கிணத்திலை பாதிப் பங்கெண்டதை முழுக் கிணறாய் எழுதிவிடுங்கோ. செவ்வாயும் அதோடை சேத்தி. விறகில்லாமல் சுடுதண்ணி!"

வாழைக்குப் பின்னாலிருந்து மூத்த கள்ளன் மெல்ல வந்து மார்க்கண்டரின் வேட்டியை இழுத்தான்.

"அண்ணை, உவ எந்தக் கிரகத்துக் கள்ளி? எங்களுக்கும் தொழில் பழக்கிவிடச் சொல்லிக் கேளுங்கோ."