மன்றாட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், அத்தை

மதிப்பிற்குரிய பசிலிசா அத்தைக்கு,

மாடி அறையிலிருந்து அமிஹான் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாள் தவறாமல் கோயிலுக்கு நடப்பதைப் பார்த்தால் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பீர்கள். நேரில் பேசினால் நீங்கள்தான் பேசுவீர்கள்.

நான் ஏழு வாரமாகத் தோற்கிறேன். போக்கர் ஆடிப் பிழைப்பவளுக்கு இது மீனவனுக்குப் புயல் மாதிரி, வரும், போகும். அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெரிய மேசையை விட்டு இறங்கிச் சிறிய மேசையில் உட்கார்ந்தேன். ஆட்ட நேரத்தைப் பாதியாக்கினேன். ஆடிய ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் எழுதி, தப்பு என்னுடையதா சீட்டினுடையதா என்று பிரித்துப் பார்த்தேன். ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று முறை தோற்ற நாளில்கூட, "நல்ல ஆட்டம்" என்று சிரித்துவிட்டு எழுந்து, குளியலறைக்குள் போன பிறகுதான் துண்டைக் கடித்தேன். ஏனென்றால் நான் தோற்பது மேசையில் யாருக்கும் தெரியக் கூடாது. கையில் நல்ல சீட்டே இல்லாமல் மிரட்டி, எதிராளியைச் சீட்டைக் கீழே போட்டு விலகவைப்பதுதான் என் சோற்றில் பாதி. தோற்று நொந்தவளின் மிரட்டலுக்கு யார் பயப்படுவார்? மாத முடிவுக்குள் நிமிராவிட்டால் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் கால் சென்டர் வேலைக்குப் போவதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவையும் உங்களிடம் மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், விசுவாசிகள் மன்றாட்டில், "ஏழு வாரமாகச் சீட்டில் தோற்று, தலையணை நனைய அழும் எங்கள் அமிஹானுக்காக" என்று ஒலிபெருக்கியில் வாசிக்கவைத்தீர்கள். கோயிலே "கேட்டருளும்" என்றது. போதாததற்கு எனக்காக ஒன்பது நாள் ஜெபம், நவநாள் வேறு தொடங்கிவிட்டீர்கள். மணிலாவில் இத்தனை கோயில் இருக்க, என்னோடு ஆடுகிறவர்களில் பாதிப் பேர் வரும் கோயில்தான் உங்களுக்குக் கிடைத்ததா?

இன்று மேசையில் எனக்கு எதிரே பால்மீன் மொத்த வியாபாரி கார்டிங் மாமா. என் கையில் ஒன்றுமில்லை. இருந்த பந்தய வில்லைகள் அத்தனையையும் முன்னே தள்ளினேன். போன மாதமாக இருந்தால் சீட்டைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார். இன்று உச்சுக்கொட்டினார்.

"பாவம்மா நீ. உனக்காக நானும் முழங்கால் போட்டேன் தெரியுமா? சரி, நான் வரேன், காட்டு."

அவர் கையில் இருந்தது இரண்டு அஞ்சு, அற்பமான ஒரு ஜோடி. அதை வைத்து என்னைத் துடைத்தெடுத்துவிட்டார். சீட்டுப் போடும் பெண் நம் கோயில் பாடகர் குழுவில் இருப்பவள்தானே, அவள் என் பக்கம் சாய்ந்து, "அக்கா, உங்களுக்குப் பின்பக்கம் மச்சம் ஏதாவது இருக்கா? இருந்தா விடாம தோக்கத்தான் செய்யுமாம். உங்க அத்தை எல்லார்கிட்டயும் கேட்டுட்டு இருந்தாங்க" என்றாள். கிசுகிசுப்புதான். எட்டுப் பேருக்கும் கேட்டது. என் பின்பக்கத்தைப் பற்றி ஒரு மேசையே கவலைப்பட்டது, அத்தை!

வீட்டுக்கு வந்து கேட்டால், "நான் கடவுள்கிட்டதானடி சொன்னேன்?" என்கிறீர்கள். கடவுளுக்கு எதற்கு ஒலிபெருக்கி?

ஆகையால் வரும் ஞாயிறு, "அமிஹான் தேறிவிட்டாள், இனி யாரும் ஜெபிக்க வேண்டாம்" என்று சாமியார் வாயால் அறிவிக்கச் செய்யுங்கள். அதுவரை கீழே சாப்பிட வரமாட்டேன்.

உங்களையும் உங்கள் மூட்டுகளையும் கடவுள் காப்பாராக. உங்கள் வாயை நீங்களே காத்துக்கொள்ளுங்கள்.

கோபம் தணியாத தம்பி மகள்,
அமிஹான்

பி.கு.: எழுதி இரண்டு நாளாகியும் கடிதத்தைக் கொடுக்கவில்லை. இந்த இரண்டு நாளும் மிரட்டுவதை அடியோடு விட்டுவிட்டு, நல்ல சீட்டு வரும்வரை சும்மா இருந்தேன். வந்ததும் வில்லைகளைத் தள்ளினேன். என் கையில் நல்ல சீட்டு இருக்கும் என்று ஒருவரும் நம்பவில்லை. "பாவம், பாவம்" என்று சொல்லிக்கொண்டே வரிசையாக வந்து விழுந்தார்கள். கார்டிங் மாமா மட்டும் மூன்று முறை. கடைசியில், "நவநாள் பலிச்சிடுச்சு போலிருக்கே?" என்று சந்தேகமாகப் பார்த்தார். "எங்க மாமா, போனதுல கால்வாசிகூட வரலையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆகவே அறிவிப்பு எதுவும் வேண்டாம். இன்னொரு நவநாளும் தொடங்குங்கள். வாசிக்கிறவர் குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் தழுதழுக்கட்டும்.