பெட்டியா, கட்டியா?

மார்ச் 4. நாற்பது லட்சம்.
அக்டோபர் 21. முப்பத்திரண்டு லட்சம்.
மே 17. இருபத்தாறு லட்சம்.
டிசம்பர் 2. இருபத்தொரு லட்சம்.

ஒரு பல்கலைக்கழகத் துறை, நாலு கிலோ எடையுள்ள ஒரு பெட்டியை விண்வெளிக்கு அனுப்ப, நான்கு தடவை இடம் வாங்கிய ராக்கெட்டுகளின் தேதியும் கொடுத்த கட்டணமும் இவை. அந்தத் துறையின் பதிவேடுகளை ஓய்வு பெறும்வரை எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் எழுதிவந்தவன். கட்டணம் இறங்கிக்கொண்டே வருவதைக் கவனித்திருப்பீர்கள். கட்டணம் இறங்க இறங்க ஏறிக்கொண்டே வந்த ஓர் உயிரினத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். அதன் பெயர் அடுத்த வண்டிக்காரர்.

இவர் முன்காலத்தில் கிடையாது. அப்போது ராக்கெட்டில் ஓர் ஓரம் கிடைக்கவே ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டும். கிடைத்துவிட்டால், பாதி முடிந்த கருவியைக் கம்பியால் கட்டி, கட்டிய இடத்தில் பசை தடவி, பசை காய்வதற்குள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அது மேலே போய் ஒழுங்காக வேலையும் செய்யும். இன்றைக்கு ஆறேழு மாதத்துக்கு ஒரு வண்டி. ஒரே வண்டியில் முப்பது பெட்டிகள். கல்லூரிக்காரர், வானிலைக்காரர், விதை ஆராய்ச்சிக்காரர், யார் வேண்டுமானாலும் இடம் வாங்கலாம். இனி எல்லாரும் பறந்துவிடுவார்கள் என்று நாம் நினைத்தோம். அடுத்த வண்டிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எங்கள் துறைப் பேராசிரியர் இந்த இனத்தின் மிக உயர்ந்த மாதிரி. கெட்டவர் இல்லை. யார் மீதும் குரல் உயர்த்தியதில்லை. கையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். மற்றவர்கள் பேசும்போது தலையாட்டிக்கொண்டே எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார். "ஒரே ஒரு சின்ன மாற்றம்" என்பது அவர் வணக்கம் சொல்லும் முறை. அவர் மனைவியிடம் ஒருமுறை, சார் எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டேன். கல்யாணத் தேதியையே இரண்டு தடவை தள்ளிவைத்த மனுஷர் என்றார். காரணம், அழைப்பிதழின் ஓரம் வளைந்திருந்ததாம்.

பெட்டி அவருடையது அல்ல. அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண்ணுடையது. மேலேயிருந்து பூமியைப் பார்த்து மின்னல்களை எண்ணுகிற பெட்டி. அதனால் அவளுக்கே மின்னல் என்று பெயர் விழுந்துவிட்டது. குலுக்கிப் பார்க்கும் சோதனை, காற்றில்லா அறைச் சோதனை எல்லாவற்றிலும் மார்ச் வண்டிக்கு முன்பே அது தேறிவிட்டது. பேராசிரியர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பெயிண்ட் சரியில்லை என்றார். அது அலமாரிக்குப் போனது; அதன்பின் ஒவ்வொரு வண்டிக்கும் மேசைமேல் ஒரு புதுப் பெட்டி.

"அவசரப்படாதம்மா. இப்பல்லாம் ராக்கெட் பஸ் மாதிரி. இது போனா அடுத்தது."

பஸ்ஸை விட்டால் நாம் மட்டும்தான் நிற்போம். இந்த வண்டியில் அப்படி இல்லை. முப்பது பெட்டிகளின் எடையை வைத்து வண்டியின் சமநிலையை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஓர் இடம் காலியானால் கணக்கு கெட்டுவிடும். ஆகவே பெட்டியைக் கொடுக்காதவர், அதே எடையில் ஓர் உலோகக் கட்டியைக் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் திரும்பாது. ஏவும் நிறுவனத்தில் இதற்கென்றே ஓர் அம்மாள் இருந்தார். நாங்கள் எடையம்மா என்போம். ஒவ்வொரு கெடுவுக்கும் முன் அவரிடமிருந்து போன் வரும். அதில் ஒரே கேள்வி.

"சார், பெட்டி வருதா, கட்டி வருதா?"

மார்ச்சில் கட்டி போனது. அக்டோபரில் அதைவிட நல்ல லென்ஸ் ஒன்று சந்தைக்கு வந்துவிட்டதால் கட்டி போனது. மே மாதம் பெட்டிக்குப் பெயர் வைக்கும் கூட்டத்தில் ஒருமித்த கருத்து ஏற்படாததால் கட்டி போனது. பட்டறையில் லேத் ஓட்டுபவர் என்ன செய்வார், பாவம்? முதல் கட்டியைச் சும்மா கடைந்து கொடுத்தார். இரண்டாவதை முகம் பார்க்கும்படி பளபளப்பாக்கினார். மூன்றாவதில் துறையின் பெயரை அழகாகப் பொறித்தார். மூன்றும் பூமியைச் சுற்றின. ஒன்றில்கூடப் பழுது இல்லை. நாட்டிலேயே இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு நம்பகமாக அலுமினியம் அனுப்பிய துறை வேறு இருக்குமா?

மின்னலின் நிலைமைதான் வேடிக்கையாக இல்லை. அடுத்து வரும் ஜூனோடு அவள் உதவித்தொகை முடிவதாக இருந்தது. மேலேயிருந்து ஒரு மின்னலாவது எண்ணாமல் ஆய்வேட்டை முடிக்க முடியாது. மேசைமேல் இருந்த பெட்டியைப் பற்றி எத்தனை அத்தியாயம் எழுதுவது? டிசம்பர் வண்டிதான் அவளுக்குக் கடைசி வண்டி. வீட்டிலிருந்து அம்மா போனில் கேட்டாளாம்: "நீ மின்னலை எண்ணப் போறியா, வருஷத்தை எண்ணப் போறியா?"

நவம்பரில் எடையம்மாவின் போன் வந்தபோது மேசைமேல் ஐந்தாவது பெட்டி பிரிந்து கிடந்தது. எடை குறைந்த திருகாணிகள் வரவேண்டியிருந்தது. மின்னல் எதிரே நின்றாள்.

"கட்டிதான்மா," என்றார் பேராசிரியர் போனில். "எடை சரியா இருந்தா போதும். எதை வேணா வச்சு அனுப்பிடறோம்."

"எதை வேணாவா சார்?" என்று மின்னல் கேட்டாள்.

"எதை வேணா."

அவள் நேராக அலமாரிக்குப் போய், பெயிண்ட் சரியில்லாத முதல் பெட்டியை எடுத்தாள். எடையில் கொஞ்சம் குறைந்தது. லேத்காரர் தயாராக வைத்திருந்த நான்காவது கட்டியிலிருந்து ஒரு துண்டை அறுத்து, அடியில் பொருத்திக் கொடுத்தார். நிறுவனத்தின் படிவத்தில் 'மின் இணைப்பு தேவையா?' என்று ஒரு வரி உண்டு. மூன்று தடவையும் 'வேண்டாம்' என்று எழுதிய இடத்தில் இந்தத் தடவை 'வேண்டும்' என்று எழுதினாள். பேராசிரியர் மூன்று தடவையும் போட்ட இடத்தில் படிக்காமலே நான்காவது கையெழுத்தைப் போட்டார். எடையம்மா மட்டும் கூப்பிட்டு, "ஏம்மா, கட்டிக்கு எதுக்கு கரண்டு?" என்று கேட்டார். பெட்டி என்று தெரிந்ததும் எடையை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். பிறகு, "நல்லா இரு தாயி," என்றார்.

ஜனவரியில் பெட்டி எண்ணத் தொடங்கியது. ஒரு கடலோரப் புயலில் மட்டும் அது எண்ணியதை மின்னல் அச்செடுத்து வந்து, எந்தப் பெட்டி என்பதையும் சொல்லி, பேராசிரியர் முன் வைத்தாள். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். நான் பார்த்து, அது முதல் தடவை. முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுல பெயிண்ட் சரியில்லையேம்மா," என்றார். கொஞ்சம் யோசித்து, "பரவால்ல. இது ஒத்திகைன்னு வச்சுப்போம். உண்மையானது அடுத்த வண்டில," என்று சொல்லித் திருப்புளியை எடுத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்ன வீட்டுக்குப் பூங்கொத்துப் படத்தோடு ஒரு வாழ்த்துச் செய்தியை அனுப்பிவிட்டு, எடை சரியாகிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தீர்களே, அது என்ன? பெட்டியா, கட்டியா? பளபளப்பாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அலமாரியில் முதல் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாவது பெட்டிக்குத் திருகாணிகள் வந்துவிட்டன. நிறம்தான் பொருந்தவில்லையாம். மின்னலுக்குப் பட்டம் கொடுத்துவிட்டதாகப் பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்த தேதி: செப்டம்பர் 19.