காலமான அப்பா கலந்துகொண்ட நேர்காணல்

அப்பா செத்துப்போன விஷயம் அப்பாவுக்குச் சாப்பாட்டு மேசையில்தான் தெரியவந்தது.

"எப்போ?" என்றார், வாயில் இருந்ததை விழுங்காமல்.

"போன வருஷம்," என்றான் சின்னவன், தட்டைப் பார்த்தபடி.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டு அடங்கியது.

"வெளிநாட்டுக் காலேஜுப்பா. வாழ்க்கையில உனக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்ன, அதுல இருந்து எப்படி மீண்டு வந்தேன்னு ஒரு கட்டுரை எழுதச் சொன்னாங்க. நான் இதுவரைக்கும் தொலைச்சது ஒரு குடை. அதை வச்சு எழுதிப் பார்த்தேன். எவ்வளவு முக்கினாலும் சோகமே வரல."

"அதுக்கு நானாடா கிடைச்சேன்? குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என்னைப் போய்..." அப்பா பாதியில் நிறுத்தினார். வேறொன்று உறுத்தியது. "எப்படிச் செத்தேன்?"

"ஆத்துல விழுந்த நாயைக் காப்பாத்தப் போயி."

"நாயையா?" அம்மா வாயைப் பிளந்தாள். "தெருவுல நாய் குரைச்சா என் முதுகுக்குப் பின்னாடி வந்து நிக்கிற மனுஷன்டா இவரு!"

அக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். அதனால் நியாயம் பேசும் உரிமை அந்த வீட்டில் அவளுக்குத்தான். "கூடவே இருக்கிற மனுஷனைக் கொன்னுட்டுப் படிக்கப் போகணுமா? உனக்கெல்லாம் எப்படிடா மனசு வந்துச்சு?"

செத்தது பெரிய சிக்கல் இல்லை. கட்டுரையைப் படித்து உருகிப்போன காலேஜ், அன்று சாயங்காலம் வீடியோவில் நேர்காணல் வைத்திருந்தது. குடும்பத்தையும் பார்க்க வேண்டுமாம். மற்ற காலேஜ்கள் எல்லாம் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால், லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு எடுபிடியாகச் சின்னவன் லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்க வேண்டியதுதான். பள்ளம் என்றாலே அவனுக்குத் தலை சுற்றும்.

"சாயங்காலம் மட்டும் எங்கேயாச்சும் வெளிய போயிடுங்கப்பா."

"நான் கட்டுன வீடு. நான் ஏன்டா போகணும்? செத்தவன் ஒரு மூலையில நிம்மதியா இருக்கக் கூடாதா?"

கடைசியில் அடுப்படியில் இருக்க ஒப்புக்கொண்டார். போனை மட்டும் அணைக்க மறுத்துவிட்டார்.

"எவனாச்சும் லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டா? அவனும் சாகணுமா?"

சாயங்காலம் திரையில் ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கனிவான கண்கள். சின்னவனும் அம்மாவும் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேமராவில் படாத பக்கமாக அக்கா நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள் கட்டுரையைப் படித்து எங்கள் அலுவலகமே அழுதது," என்றார் அதிகாரி. "அம்மாவிடம் என் ஆழ்ந்த வருத்தத்தைச் சொல்லுங்கள்."

சொன்னான்.

"அட, பரவால்லம்மா," என்றாள் அம்மா.

அந்த இரண்டு சொல்லைச் சின்னவன் ஒரு நிமிடம் மொழிபெயர்த்தான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எல்லாம் கூடி வந்த அந்த நேரத்தில்தான் அடுப்படியில் போன் அடித்தது.

"பதறாதீங்க சார்!" அப்பாவின் குரல் வீடே அதிரக் கேட்டது. "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது!"

அதிகாரிக்குச் சொல் புரியவில்லை, குரல் கேட்டுவிட்டது. "யார் அது?"

"மாமா," என்றான் சின்னவன். "அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். எங்களுக்கு இப்போது அவர்தான் துணை."

"அருமையான மனிதர்! அவரிடமும் பேசலாமா?"

"நீங்க இப்போ அம்மாவோட அண்ணன்" என்று அக்கா அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிட, அப்பா தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இறந்தவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

"எங்க மச்சான் சொக்கத் தங்கம்," என்று ஆரம்பித்தார். "இந்தக் குடும்பத்துக்காக உடம்பை ஓடாத் தேய்ச்சாரு. அவரோட அருமை இருக்கிறப்போ இங்க எவருக்கும் தெரியல." கண்ணீர் நிஜமாகவே வந்தது. தன் சாவுக்குத் தானே அழும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "சொக்கத் தங்கமா? ஊர்ல இருக்கிற லிஃப்ட்டெல்லாம் ஓடுது, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகிட்டே கிடக்கு!"

"அதான் நாளைக்குப் பாக்கிறேன்னு சொன்னேன்ல?"

"செத்த பிறகும் நாளைக்கா?"

"என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார் அதிகாரி.

"துக்கம் தாங்காமல் புலம்புகிறார்கள்," என்றான் சின்னவன்.

அதிகாரி தலையாட்டினார். பிறகு திரையை நெருங்கி உற்றுப் பார்த்தார். "பின்னால் சுவரில் ஒரு படம் இருக்கிறதே. அதில் குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர் யார்?"

"அப்பா," என்றான் சின்னவன். சொல்லி முடித்த பிறகுதான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

"மாமாவின் முகத்தை உரித்து வைத்தது போல இருக்கிறாரே!"

வாய் அவனை முந்திக்கொண்டது. "இரட்டையர்கள்!"

அதிகாரியின் பேனா நின்றது. "உங்கள் அம்மாவின் அண்ணனும், உங்கள் அம்மாவின் கணவரும், இரட்டையர்கள்."

குடும்ப மானம் கப்பலேறி, கப்பலும் கவிழ்ந்தது.

"என்னடா சொல்லுது அந்தம்மா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல மாமா."

"டேய், நெட்டு போயிடுச்சுன்னு மூடித் தொலைடா!" பக்கவாட்டிலிருந்து அக்காவின் கை லேப்டாப்பை நோக்கி நீண்டது.

"ஒரு நிமிடம், மூடிவிடாதீர்கள்," என்றார் அதிகாரி. "அப்பா விஷயம் கிடக்கட்டும். உங்கள் அக்காவும் மேற்படிப்புக்கு எங்களிடம்தான் விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய கட்டுரையில் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், இறந்துபோனது நீங்கள்."